மூன்றாவது பத்து நிமிடம்

அத்தியாயம் 14

ரெய்னோ காங்காஸ் ஏரியில் போட்ட சாவி இன்னும் ஏரியில்தான் கிடக்கிறது. இன்றோடு ஒரு வாரம்.

தூண்டிலில் மாட்டிய மீனைக் கழற்றக் குனிந்தவரின் சட்டைப் பையிலிருந்து, ஆரஞ்சு நூலில் கட்டிய அந்த ஒற்றைச் சாவி நழுவியது. உறைந்த ஏரியில் அவரே துளைத்த எட்டு அங்குல ஓட்டை வழியாக அது இறங்கிப் போனதைப் போன வாரம் பார்த்தோம். காந்தத்தைக் கயிற்றில் கட்டி அரை மணி நேரம் துழாவினார். பித்தளை காந்தத்துக்கு மசியாது என்பது, நாற்பது வருடம் இரும்புச் சுரங்கத்தில் வேலை பார்த்த மனிதருக்கு அதற்கப்புறம்தான் நினைவுக்கு வந்தது. இதை இந்த ஊரில் சொல்லிச் சிரிக்காத ஆள் இல்லை.

ஏரிப் பனிமேல் நின்ற காரை அண்ணன் மகன் கிளிஃப் சங்கிலி போட்டு இழுத்து, லாரியில் ஏற்றி வந்து, வீட்டு வாசலில் இறக்கிவிட்டுப் போனான். மார்ச் மாதக் கடைசி. இன்னும் நான்கு நாள் விட்டிருந்தால் காரும் சாவியைத் தேடிக்கொண்டு உள்ளே போயிருக்கும்.

அந்தப் பழைய பியூக் காரை ரெய்னோவின் மனைவி மார்லிஸ் ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவரிடமிருந்து வாங்கினாள். அப்போதே அதற்குப் பதினோரு வயது. டீச்சர் இரண்டு சாவிகள் கொடுத்தார். ஒன்று இப்போது மீன்களிடம். இன்னொன்று மகன் கர்ட்டிஸிடம்.

கர்ட்டிஸ் வீட்டை விட்டுப் போய் இரண்டரை வருடமாகிறது. சித்தப்பாவின் அடக்கம் முடிந்து, சர்ச் கீழ்த்தளத்தில் எல்லோரும் காப்பிக் கோப்பையோடு நின்றபோது, ரெய்னோ அத்தனை பேர் முன்னால் அவனைத் தண்டச்சோறு என்றார். சுரங்கத்தில் ஆட்குறைப்பு நடந்து அவனுக்கு வேலை போய் அப்போது ஆறு வாரம்தான் ஆகியிருந்தது. அன்று சாயங்காலமே ஒரு நண்பனின் வண்டியில் ஏறி மேற்கே போய்விட்டான். கார்ச்சாவி அவன் பையோடு போய்விட்டது. அதற்கப்புறம் ஒரு போன் இல்லை.

ஆனால் சாவி அவனிடம் இருக்கிறதே. மார்லிஸ் அந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் இருந்தாள். வாராவாரம் வெள்ளிக்கிழமை காருக்கு டாங்க் நிறைய பெட்ரோல் போட்டுவிடுவாள். "வந்தான்னா எடுத்துட்டுப் போவான். காலியா இருக்கக் கூடாது" என்பாள்.

இனி மார்லிஸுக்குத் தெரியாததைச் சொல்ல வேண்டும். அந்தச் சாவி கர்ட்டிஸிடம் இல்லை. மகள் ஹெய்டியின் பர்ஸில், உள்பக்கத்து ஜிப்புக்குள் இருக்கிறது.

போன ஆகஸ்டில் கிரீன் பேயில் ஹெய்டியின் வீட்டுக்கு ஓர் உறை வந்தது. உள்ளே சாவியும் ஒரு துண்டுச் சீட்டும். 'அப்பாகிட்ட கொடுத்துடு. அம்மாவுக்குத் தெரிய வேண்டாம்.' வேறு ஒரு சொல் இல்லை. இனிமேல் வரப்போவதில்லை என்பதை இதைவிடச் சுருக்கமாக ஒருவன் சொல்ல முடியாது என்று ஹெய்டி நினைத்தாள். அடுத்த வாரமே அப்பாவிடம் கொடுக்கக் கிளம்பி வந்தாள். வந்த அன்று வெள்ளிக்கிழமை. பெட்ரோல் பங்கில் அம்மா குழாயைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்தாள். அப்பாவிடம் கொடுத்தால் அவர் அதைச் சமையலறை ஆணியில் எல்லோர் கண்ணிலும் படும்படி மாட்டி வைப்பார். கொடுக்காமலேயே திரும்பிப் போனாள்.

இந்த ஒரு வாரமும் அவள் பட்ட பாட்டைக் கேட்க வேண்டாம். சாவியை எடுத்துக் கொடுத்தால் கார் ஓடும். அம்மா அப்படியே நின்றுபோவாள். ஆகவே தானே போன் போட்டு, இஷ்பெமிங்கிலிருந்து சாவிக்காரர் ஒருவரை வரச் சொன்னாள். செலவையும் தானே கொடுப்பதாகச் சொன்னாள்.

கார் இல்லாமல் முடியாது. மார்லிஸ் பள்ளிக்கூடச் சமையலறையில் தலைமைச் சமையல்காரி. முந்நூறு பிள்ளைகளுக்குச் சாப்பாடு. காலை ஐந்தரைக்கு அங்கே இருக்க வேண்டும். இருபது மைல் தூரம், பஸ் கிடையாது. ரெய்னோவின் பிக்கப் கிறிஸ்துமஸிலிருந்து செங்கல்மேல் நிற்கிறது. இந்த வாரம் ஹெய்டி லீவு போட்டுவிட்டு வந்து கொண்டுபோய் விட்டாள். நாளை ஞாயிற்றுக்கிழமை அவள் திரும்பியாக வேண்டும்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு லெராய் வந்தார். வேனிலிருந்து முதலில் தொப்பை இறங்கியது, பிறகு அவர் இறங்கினார்.

"பதிவுச் சீட்டும் லைசென்ஸும் காட்டுங்கம்மா. கார் உங்களுதுதான்னு எனக்குத் தெரியணும்."

"ஊர்ல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்களே" என்றாள் மார்லிஸ்.

"வழியில பங்க்ல கேட்டேன். ஏரியில சாவி போட்டவர் வீடுன்னுதான் சொன்னாங்க."

சவுனா என்கிற நீராவிக் குளியலறைக்கு விறகு அள்ளிக்கொண்டிருந்த ரெய்னோவின் காது சிவந்தது. சனிக்கிழமை சவுனா அடுப்பைக் காலையிலேயே மூட்டி வைப்பது அவர் வேலை. உலகமே முழுகினாலும் அதை விடமாட்டார்.

லெராய் கதவுப் பூட்டைத் துழாவிப் பார்த்து, எண்களைக் குறித்துக்கொண்டு வேனுக்குள் போனார். மெஷின் கிறீச்சிட்டது. பளபளவென்று ஒரு சாவியோடு வந்தார். கதவு திறந்தது. உள்ளே உட்கார்ந்து திருப்பினார். எஞ்சின் இரண்டு தடவை இருமிவிட்டு அணைந்தது.

"வெட்டு சரியில்லையோ?" என்றாள் மார்லிஸ்.

"வெட்டு சரிதாம்மா. சாவித் தலைக்குள்ள ஒரு சில்லு இருக்கு. அதைக் காருக்கு இன்னும் தெரியாது. அறிமுகப்படுத்தி வைக்கணும். சாவியைப் போட்டுத் திருப்பி வெச்சா, இந்த விளக்கு பத்து நிமிஷம் எரியும். அணைஞ்சதும் சாவியை ஆஃப் பண்ணிட்டு மறுபடி பத்து நிமிஷம். அப்புறம் இன்னொரு பத்து."

"அரை மணி நேரமா? அதுக்குள்ள நான் ஒரு ரொட்டி சுட்டுடுவேன்."

"திருடனுக்கு அவ்வளவு பொறுமை கிடையாதுன்னு ஒரு கணக்குதான்."

முதல் பத்து நிமிடத்தில் மார்லிஸ் காப்பியும், ஏலக்காய் போட்ட நிசு ரொட்டியும் கொண்டுவந்தாள். லெராய் மூன்று துண்டு சாப்பிட்டார். இரண்டாவது பத்து நிமிடத்தில், தன் கூண்டுச் சாவியைத் தானே விழுங்கிய நாய் ஒன்றின் கதையைச் சொன்னார். மார்லிஸ் சிரித்தாள். அம்மா சிரித்து எவ்வளவு நாளாயிற்று என்று ஹெய்டி பார்த்துக்கொண்டிருந்தாள். மனசு கொஞ்சம் இளகியது. இன்னும் பத்து நிமிடம், அப்புறம் எல்லாம் சரியாகிவிடும்.

விளக்கு இரண்டாவது தடவை அணைந்தது. லெராய் சாவியைப் பின்னால் திருப்பி, மறுபடி முன்னால் திருப்பினார். மூன்றாவது பத்து நிமிடம் ஓட ஆரம்பித்தது.

"சார், இனிமே ஏரியில கிடக்கிறதைப் பத்தி நீங்க கவலைப்படவே வேண்டாம்" என்றார் ரெய்னோவைப் பார்த்து. "எவன் தூண்டில்ல மாட்டினாலும் பிரயோஜனமில்லை. இந்த விளக்கு அணைஞ்சதும் பழைய சாவி எல்லாத்தையும் கார் மறந்துடும்."

மார்லிஸ் கையிலிருந்த காப்பிப் பாத்திரத்தைக் கார்மேல் வைத்தாள்.

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தாம்மா. இதுக்கு இனிமே இந்த ஒரு சாவிதான் தெரியும்."

"என் பையன்கிட்ட ஒண்ணு இருக்கு."

"ஓ. அப்போ அவரை வரச் சொல்லுங்க. வேலை செய்யற சாவி ஒண்ணு கையில இருந்தா எதையும் அழிக்க வேண்டியதில்லை. ரெண்டையும் வெச்சுக்கலாம். பக்கத்துலதானே இருக்கார்?"

லெராய் மூன்று முகங்களையும் பார்த்துவிட்டுத் தொப்பியைச் சரிசெய்துகொண்டார்.

"அது கதவைத் திறக்கும்மா. அதுல ஒண்ணும் மாற்றமில்லை. வண்டி மட்டும் கிளம்பாது."

"எடுங்க."

"என்னம்மா?" என்றார் லெராய்.

"அந்தச் சாவியை வெளியில எடுங்க. அழிக்க வேண்டாம்."

"இப்போ எடுத்தா மறுபடி முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். இன்னும் எட்டு நிமிஷம்தான்."

"மார்லிஸ்" என்றார் ரெய்னோ. விறகைக் கீழே போட்டுவிட்டு வந்திருந்தார். "திங்கட்கிழமை வேலைக்கு எப்படிப் போவே?"

"நடந்து போறேன்."

"இருபது மைல்."

"சாவியைத் தண்ணியில போட்டது நீ. எனக்கு மைல் கணக்குச் சொல்லாதே." அவள் குரல் உடைந்தது. "அவன் வந்து இதுல உக்காந்து, சாவியைப் போட்டு, கிளம்பலைன்னா என்ன நினைப்பான்? இந்த வீடு என்னைத் துடைச்சுப் போட்டுடுச்சுன்னு நினைக்க மாட்டானா? கார்கூட என்னை மறந்துடுச்சுன்னு நினைக்க மாட்டானா?"

"ஓடட்டும், விடுங்க" என்றார் ரெய்னோ லெராயிடம்.

மார்லிஸ் ரெய்னோவைத் தள்ளிவிட்டுப் போய் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தாள். கை சாவிமேல் இருந்தது. கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவில்லை. எதிரே சிறிய விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

ஹெய்டி பர்ஸை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். இன்னும் ஏழு நிமிடம் அவள் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். விளக்கு அணைந்துவிட்டால் பர்ஸில் இருப்பது வெறும் பித்தளைத் துண்டு. யாருக்கும் எந்தக் காலத்திலும் அது தேவைப்படாது. அம்மாவும் வெள்ளிக்கிழமை தோறும் பெட்ரோல் போட்டுக்கொண்டே இருக்கலாம். என்ன ஒரு சுலபமான வழி பாருங்கள். ஏழு மாதமாக அவள் இந்தச் சுலபமான வழியிலேயேதான் நடந்துகொண்டிருக்கிறாள்.

மார்லிஸ் சாவியைப் பிடுங்கினாள். விளக்கு அணைந்தது. புதுச் சாவியை முன்கண்ணாடிக்குக் கீழே வைத்தாள்.

"உங்களுக்கு உண்டான காசை வாங்கிக்கிட்டு நீங்க கிளம்புங்க" என்றாள் லெராயிடம். "வேலைக்குப் போகலைன்னா போகலை. அவனுக்கு வழியை அடைச்சுட்டு எனக்கு ஒரு வேலை வேண்டாம்."

வரமாட்டேன் என்று சொல்லிவிட்ட ஒருவனுக்காக அம்மா வேலையை விடுகிறாள். ஹெய்டிக்கு அதற்குமேல் தாங்கவில்லை. ஜிப்பைத் திறந்தாள்.

"அம்மா, அது கர்ட்டிஸ்கிட்ட இல்ல."

நீலப் பிசின்நாடா சுற்றிய அந்தச் சாவியை அம்மாவின் மடியில் வைத்தாள். நாடாவைச் சுற்றியவன் கர்ட்டிஸ். மார்லிஸுக்குப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஆனால் அவள் சாவியைப் பார்க்கவில்லை. காரிலிருந்து பாய்ந்து இறங்கி, தெருப் பக்கம் பார்த்தாள்.

"வந்திருக்கானா? எங்கே இருக்கான், உன் வீட்லயா? ஏன்டி சொல்லலை?"

அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். ஹெய்டிக்குச் செத்துவிடலாம் போல இருந்தது.

"இல்லம்மா. தபால்ல வந்தது."

"எப்போ?"

"ஆகஸ்ட்ல."

மார்லிஸ் விரல்விட்டு எண்ணினாள். எண்ணி முடிக்க நேரம் பிடித்தது.

"வாராவாரம் பெட்ரோல் போட்டேனே ஹெய்டி. உன் கண் முன்னாலதானே போட்டேன்."

"அதனாலதாம்மா சொல்ல முடியலை."

"கூட என்ன எழுதியிருந்தான்?"

ஹெய்டி சீட்டைக் கொடுத்தாள். ஐந்தே வார்த்தைகள் இருந்த அந்தச் சீட்டை மார்லிஸ் ஒரு பக்கக் கடிதத்தைப் படிப்பதுபோல் நிதானமாகப் படித்தாள். பிறகு நிமிர்ந்தாள்.

"அப்பாகிட்ட கொடுத்துடுன்னு எழுதியிருக்கான். கார் என்னுது. உங்கப்பாகிட்ட ஏன் கொடுக்கணும்?"

ரெய்னோ விறகு வெட்டும் கட்டைமேல் உட்கார்ந்துவிட்டார். நின்றிருந்த மனிதர், கால் இருப்பது மறந்துபோனதுபோல் சட்டென்று உட்கார்ந்தார்.

"நான்தான் எழுதிக் கேட்டேன்" என்றார்.

காங்காஸ் வீட்டில் பேச்சுக்கு ரேஷன் என்று உங்களுக்குத் தெரியும். அவர் அதற்குமேல் சொல்லவில்லை. மார்லிஸ் காத்திருந்தாள். காரியம் ஆகவில்லை என்றதும் அவளே பிடுங்க ஆரம்பித்தாள்.

"யாருக்கு எழுதினே? அவன் இருக்கற இடம் உனக்குத் தெரியுமா?"

"சுரங்கத்துல கூட வேலை பார்த்த பையன் ஒருத்தன் வடக்கு டகோட்டாவுல, மைனாட்ங்கற ஊர்ல பார்த்திருக்கான். விலாசம் வாங்கிக் கொடுத்தான்."

"எப்போ?"

"ஜூலையில."

"என்ன எழுதினே?"

"வண்டிச் சாவி உன்கிட்ட இருக்கு, அதைக் கொண்டு வந்து கொடுக்கணும்னு எழுதினேன்."

"அப்புறம்?"

"பெர்ச் மீன் இந்த வருஷம் நல்லா கடிக்குதுன்னு எழுதினேன்."

"அப்புறம்?"

"அவ்வளவுதான்."

மார்லிஸ் அவரையே பார்த்தாள். ரெய்னோ தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார்.

"ஒரு சாக்கு வேணும்ல அவனுக்கு? வான்னு சொன்னா வரமாட்டான், என்னை மாதிரி. சாவியைக் கொடுக்கன்னு ஒருநாள் வந்து நிப்பான்னு நினைச்சேன். தபால்ல போடுவான்னு நினைக்கலை. சாவி வராம இருந்துச்சே, அதனால வருவான்னுதான் இருந்தேன். இந்தக் குளிர்காலம் பூரா ரெண்டு தூண்டில் எடுத்துக்கிட்டுத்தான் ஏரிக்குப் போனேன்."

ஹெய்டி வாயைப் பொத்திக்கொண்டாள். தன் பர்ஸின் ஜிப்புக்குள் அம்மாவின் நம்பிக்கை மட்டும் இல்லை, அப்பாவுடையதும் இருந்திருக்கிறது. ஏழு மாதம், ஒரே வீட்டில், ஒரே மேஜையில், இரண்டு பேரும் ஒரே ஆளுக்காகக் காத்திருந்திருக்கிறார்கள். ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

"வீட்டுக்கு வாடான்னு ஒரு வார்த்தை" என்றாள் மார்லிஸ். "தப்பாப் பேசிட்டேன்டான்னு ஒரு வார்த்தை. அதுக்குப் பதிலா மீனைப் பத்தி எழுதியிருக்கே."

"எனக்கு எழுத வராது மார்லிஸ்."

"தண்டச்சோறுன்னு சொல்ல வந்துச்சே. அதுவும் அத்தனை பேர் முன்னால. அது நல்லா வந்துச்சே."

ரெய்னோ அழுதார். முப்பத்தாறு வருடக் குடித்தனத்தில் மார்லிஸ் பார்த்திராத காட்சி அது. பார்த்தும் அவள் அசையவில்லை. இரக்கம் வரவேண்டிய இடத்தில் அவளுக்கு எதுவும் வரவில்லை.

லெராய் மெதுவாகப் பின்வாங்கினார். "நான் வேன்ல இருக்கேம்மா."

"இருங்க. உங்க வேலை முடியலை."

அவள் மறுபடி காரில் ஏறி, நீல நாடாச் சாவியைப் போட்டுத் திருப்பினாள். பாழாய்ப்போன கார் ஒரே திருப்பில் கிளம்பியது. இத்தனை நாளும் தனக்கு எதுவுமே தெரியாது என்பதுபோல் சீராக ஓடியது. பெட்ரோல் முள் நிறைந்த இடத்தில் நின்றது. அதைப் பார்த்ததும்தான் மார்லிஸ் ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்துக்கொண்டு விம்மினாள். மூவரும் வெளியே நின்றுகொண்டிருந்தார்கள். பக்கத்தில் போக யாருக்கும் தைரியம் இல்லை.

அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்ன செய்யணுமோ செய்ங்க" என்றாள் லெராயிடம்.

லெராய் எஞ்சினை அணைத்தார். பழைய சாவியைத் திருப்பி வைத்து, எடுத்து, உடனே புதியதைப் போட்டுத் திருப்பினார். பத்து நிமிடம் எல்லாம் இல்லை, பத்து விநாடி. விளக்கு ஒரு தடவை எரிந்து அணைந்தது.

"இப்போ ரெண்டும் ஓடும்மா. எதுவும் அழியலை." காசை ஹெய்டியிடம் வாங்கும்போது பாதிதான் எடுத்துக்கொண்டார். நாய்க் கதை சொன்ன மனிதர், போகும்போது ஒரு வார்த்தை பேசவில்லை.

சமையலறை மேஜையில் மார்லிஸ் பழுப்பு நிற உறை ஒன்றை எடுத்து வைத்தாள். புதுச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டாள். பழைய சாவியைத் தாளில் மடித்து, பேனாவை எடுத்தாள். ரொம்ப நேரம் யோசிக்கவில்லை.

'இது உன்னுடையது. யார் கேட்டாலும் கொடுக்காதே. அம்மா.'

வாசற்படியில் ரெய்னோ வந்து நின்றார். சட்டையெல்லாம் விறகுத் தூசி.

"நானும் ஒரு வரி எழுதட்டுமா?"

"நீ எழுதினது போதும்" என்றாள் மார்லிஸ், தலையை நிமிர்த்தாமல். அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு சவுனாப் பக்கம் திரும்பிப் போனார்.

"அவன் அனுப்பின உறை இருக்கா? விலாசம் வேணும்."

ஹெய்டி அதையும் எடுத்துக் கொடுத்தாள். மார்லிஸ் அதைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வோர் எழுத்தாக எழுத ஆரம்பித்தாள். கதவு எண். தெருப் பெயர். மைனாட், வடக்கு டகோட்டா.

ஹெய்டியிடம் இன்னும் ஒன்று பாக்கி இருந்தது. சொல்லாமல் விடலாம். சொல்லாமல் விட்டதன் பலனைத்தான் காலையிலிருந்து பார்க்கிறாளே.

"அம்மா, அவன் அங்க இல்ல. கிறிஸ்துமஸுக்கு நான் வாழ்த்து அட்டை போட்டேன். ஜனவரியில திரும்பி வந்துடுச்சு. அந்த விலாசத்துல அப்படி யாரும் இல்லைன்னு முத்திரை குத்தியிருந்தது. போன் நம்பரும் தெரியாது. எங்க இருக்கான்னு எனக்கு நிஜமாவே தெரியாதும்மா."

பேனா நின்றது. மார்லிஸ் மகளை ஏறிட்டுப் பார்த்தாள். கோபம் எல்லாம் வடிந்துபோன, களைத்த முகம்.

"வேற ஏதாவது இருக்கா? இப்பவே சொல்லிடு."

"வேற ஒண்ணும் இல்லம்மா. சத்தியமா."

மார்லிஸ் விட்ட இடத்திலிருந்து எழுதத் தொடங்கினாள். அஞ்சல் எண்ணை எழுதினாள். மகன் பெயரை ஒரு தடவை சரிபார்த்தாள்.

"அம்மா, அது திரும்பி வந்துடும்னு சொல்றேன்."

"வரட்டும்" என்றாள் மார்லிஸ். "தபால்காரர் கொண்டுவந்து என்கிட்ட கொடுக்கட்டும். என் பையனைப் பத்தின சேதி இந்தத் தடவையாவது என் கைக்கு வரட்டும்."

உறையின் மூலையில், அனுப்புநர் இடத்தில், வீட்டு விலாசத்துக்கு மேலே, தன் பெயரை மட்டும் கொட்டை எழுத்தில் எழுதினாள்.